சாவி கடைசியில்தான்

ஓய்ந்த சக்கரங்கள் – 11

வாணியம்பாடி நியூ டவுன் பக்கம், மூடிக்கிடக்கும் ஒரு தோல் பதனிடும் ஷாப்பின் கிடங்கு. சாயம் போன தார்ப்பாய்க்கு அடியில் ஒரு அம்பாசிடர், மார்க் 3. 1976-ல் வாங்கியது. வாங்கிய பெரியவர் காலமானதும் 2010-ல் நிறுத்தினார்கள். பிறகு யாரும் தொடவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன், தன் கல்யாணத்துக்குள் அதை ஓடவைத்துவிடும் ஆசையில் புது பேட்டரியோடு வந்து நின்றார். சாவியும் கையிலேயே இருந்தது.

ஆம்பூரிலிருந்து வந்த வயதான மெக்கானிக் பேட்டரியைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பேட்டா, அத மொதல்ல ஓரமா வை. இத்தன வருசமா தூங்குன ஆள கன்னத்துல அறைஞ்சா எழுப்புவாங்க?”

“சும்மா ஒரே ஒரு செல்ஃப் அடிச்சுப் பாக்கலாமே, சாச்சா?”

“அந்த ஒரு செல்ஃப்லதான் பாதி இன்ஜின் சாவுது.”

அது மிகையே இல்லை. நிறுத்திப்போட்ட வண்டிகள் துருவால் சாவதைவிட, எழுப்புகிறவர்களின் அவசரத்தால் சாவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நான்கு சிலிண்டர் இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும், ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்துதான் இருக்கும். அதன் வழியே ஈரக்காற்று உள்ளே போகும். பிஸ்டன் ரிங்கும் இரும்பு, அது உரசும் சுவரும் இரும்பு. இடையில் இருந்த எண்ணெய் வருடக்கணக்கில் வழிந்து இறங்கிவிட, இரண்டும் துருவால் ஒட்டிக்கொள்ளும். வாணியம்பாடியில் இன்னொன்றும் உண்டு: உப்பு. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு அடுக்கிய கிடங்குகள் இவை. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும். இங்கே நின்ற வண்டிக்குத் துரு சீக்கிரம் ஏறும். இந்த நிலையில் செல்ஃப் மோட்டார் முழு பலத்தோடு சுழற்றினால் ரிங் உடையும், சுவரில் கோடு விழும். வால்வு ஒன்று இறுகியிருந்தால் அதைத் தள்ளும் கம்பி வளையும்.

சாச்சா பானெட்டைத் திறந்து முதலில் டார்ச் அடித்துப் பார்த்தார். இப்படிப்பட்ட கிடங்குகளில் பாம்பு இருக்கும் என்பதால் வெறுங்கையை விடக் கூடாது. இங்கே எலிதான் இருந்திருக்கிறது. ஏர் ஃபில்டருக்குள் தேங்காய் நாரும் கந்தல் துணியும், ஒயர்களில் கடித்த தடமும் கிடைத்தன. அடுத்து டிப்ஸ்டிக்கை உருவினார். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை இந்த ஊர் மறந்திருக்காது. அந்த வெள்ளம் புகுந்த வண்டி என்றால் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கும். அப்போது இன்ஜினை இறக்கிப் பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கிடங்கு மேட்டில் இருந்ததால் இந்த வண்டி தப்பியது. ஆயில் கறுப்பாக, கெட்டியாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் டீசல் கலந்த இன்ஜின் ஆயிலை இரண்டு ஸ்பூன் விட்டார். “ஒரு வாரம் கழிச்சு வரேன்.” பேரனின் முகம் வாடிவிட்டது. ஆனால், அந்த ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்புத்தோல் வந்ததும் முதல் வேலை அதைத் தண்ணீரில் ஊறப்போடுவதுதான்; ஊறாத தோலில் எவனும் கத்தி வைக்கமாட்டான்.

அடுத்த வாரம் பம்பர் துளை வழியே, இன்ஜினைக் கையால் சுற்றும் ஹேண்டிலை நுழைத்தார். பிளக் இல்லாததால் எதிர்ப்பு இருக்காது, கை வலுவே போதும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் ஹேண்டிலைப் பிடிக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால், பிளக் போட்ட இன்ஜின் என்றைக்காவது எதிர்த்து உதைக்கும்போது விரல் போகும். கால் சுற்று வந்து நின்றது. அவர் அழுத்தவில்லை. பின்னால் கொஞ்சம், முன்னால் கொஞ்சம் என்று ஆட்டினார், மறுபடி ஆயில் விட்டார். மதியத்துக்குள் முழுச் சுற்று வந்துவிட்டது. மேல் மூடியைக் கழற்றி, சுற்றும்போது எட்டு வால்வும் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டீ குடிக்கப் போனார்.

பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டரை மாற்றி, 20W-40 ஊற்றியாயிற்று. அப்போதுதான் பேட்டரிக்கு வேலை வந்தது. அப்போதும் பிளக் போடாமல், ஆயில் பிரஷர் எழும்வரை செல்ஃபைச் சில விநாடிகள் விட்டுவிட்டு அடித்தார். எண்ணெய் பேரிங்குகளைத் தொடும் முன் இன்ஜின் வெடித்து ஓடக் கூடாது என்பதற்காக.

பெட்ரோல் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டாங்கில் கிடப்பது பெட்ரோலாக இராது. வார்னிஷ் நெடி அடிக்கும், கார்பரேட்டர் ஜெட்டுகளை அடைக்கும். தனி கேனில் புது பெட்ரோல் வைத்து, புது ஹோஸ் போட்டார். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1976-ன் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனாலில் உப்பி, இளகி, வெடிக்கும். பெட்ரோலை இழுக்கும் ஏசி பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக இன்ஜினின் ஆயில் சம்ப்புக்குள் இறங்கும். ஆகவே டயாஃப்ரமையும் மாற்றினார். உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டாலும், சென்னை புதுப்பேட்டையில் இந்த உதிரிகள் இன்னும் கிடைக்கின்றன. இந்த 1489 சிசி இன்ஜினின் குடும்பம்தான் பிரிட்டனின் எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரையும் ஓட்டியது. காப்பாற்றத் தகுந்த இரும்பு.

கார்பரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிவிட்டுச் செல்ஃப் அடிக்கும் பழக்கம் நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கிறது. தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்யவிடாதீர்கள். இன்ஜின் ஒருமுறை எதிர்த்துத் தும்மினால் தீ முகத்துக்கு வரும்.

வண்டியை வெளியே முற்றத்துக்குத் தள்ளினோம். மூடிய கிடங்கில் ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும்; அதற்கு மணமில்லை, மயங்கி விழும்வரை தெரியாது. பக்கத்தில் பவுடர் தீயணைப்பான். பேட்டரி ஒயரைப் பிடுங்கத் தயாராக ஓர் ஆள். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்டை நைஸ் எமரித் தாளால் ஒரு தேய்ப்பு. பிறகுதான் சாச்சா பேரனைப் பார்த்துத் தலையசைத்தார்: “இப்போ போடு சாவிய.”

மூன்றாவது முறை பிடித்தது. நீலப் புகை முற்றத்தை மூடியது. ஊற்றிய ஆயில் எரிகிற புகை அது, சிறிது நேரத்தில் அடங்கிவிட்டது. யாரும் ஆக்சிலேட்டரை மிதிக்கவில்லை. ஆயில் பிரஷர், தண்ணீர்ச் சூடு, ஹோஸ் கசிவு ஆகிய மூன்றையும் பார்த்தபடி பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தார். உள்ளே கரைந்த அழுக்கு வெளியேற, புது ஆயிலையும் மறுநாளே இறக்கி மாற்றச் சொன்னார்.

பேரன் ஒரு ரவுண்டு போகலாமா என்று கேட்டார். சாச்சா சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிரேக் ஆயிலும் ஈரம் குடிக்கும். வீல் சிலிண்டர்கள் இறுகியிருக்கும். நிற்காத வண்டி ஓடாத வண்டியைவிட மோசம்.

இப்படி ஒரு பழைய வண்டியை எழுப்பும்போது அதன் ஆர்.சி. புத்தகத்தையும் தேடி எடுத்து வையுங்கள். 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அசல் நிலை மாறாத வண்டிகளுக்கு ‘விஏ’ எழுத்துள்ள விண்டேஜ் பதிவு உண்டு. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாட ஓட்டத்துக்கு அந்தப் பதிவு செல்லாது. 1976 வண்டிக்கு அந்தக் கணக்கு 2026-ல் நிறைகிறது.

உங்கள் வீட்டுத் தார்ப்பாய்க்கு அடியிலும் ஒரு வண்டி இருந்தால், காயலான் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் டிப்ஸ்டிக்கை ஒருமுறை உருவிப் பாருங்கள்.

அடுத்த வாரம்: பிரேக்.

(தொடரும்)