உஷார்! இருமலுக்கு ‘செட் மாத்திரை’ வாங்குகிறீர்களா?

“இருமல் விடவே மாட்டேங்குது. ஒரு செட் மாத்திரை குடுங்க.”

பெரம்பலூரிலோ ஜெயங்கொண்டத்திலோ மருந்துக்கடையில் நின்று இப்படிக் கேட்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்! அட்டையிலிருந்து வெட்டி, கவரில் போட்டுத் தரும் அந்த மாத்திரைகளில் லெவோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து இருக்கலாம். உங்கள் இருமல் காசநோயாக இருந்தால், அந்த ஒரு மாத்திரையே வினையாகிவிடும்.

எப்படி? லெவோஃப்ளாக்ஸசின் காசநோய்க் கிருமியையும் தாக்கும். ஆனால் தனியாக நின்று அடியோடு ஒழிக்காது. நாலு நாளில் காய்ச்சல் தணியும், இருமல் குறையும். ‘சரியாகிவிட்டது’ என்று நிம்மதியாக இருப்பீர்கள். அந்த மருந்துக்கு அசையாத கிருமிகள் மட்டும் தப்பிப் பிழைத்து உள்ளே பெருகும். நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும். அதற்குள் ஒரே வீட்டில் படுத்துறங்கும் பிள்ளைக்கும் பாட்டிக்கும் தொற்றிவிடலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் என்ற முதன்மை மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு இந்தியா 2024-இல் ஆறு மாத மருத்துவ முறை ஒன்றுக்கு அனுமதி அளித்தது. பெடாகுவிலின், பிரெட்டோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின் என நான்கு மருந்துகள். கடைசியாகச் சொன்ன மாக்ஸிஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசினின் நெருங்கிய உறவு. ஒன்றுக்கு அசையாத கிருமி மற்றதற்கும் அசையாமல் போகலாம். உயிர் காக்க வைத்திருக்கும் ஆயுதத்தைச் சாதாரணச் சளிக்கு வீணடிக்கலாமா?

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் சிமென்ட் ஆலைகளிலும், பெரம்பலூர் கல்குவாரிகளிலும் வேலை செய்பவர்களே, நீங்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். கல்லை உடைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுத்துக் காசநோய்க்கு வழிவிடும். ‘தூசி இருமல்தானே’ என்று தள்ளிப் போடாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் புகைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

என்ன செய்ய வேண்டும்?

• இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். சளிப் பரிசோதனை இலவசம். ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதைக் கூட மூலக்கூறு பரிசோதனை சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும்.

• லெவோஃப்ளாக்ஸசின் ‘எச்1’ பட்டியலில் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. சீட்டைப் பார்த்து விற்றாலும் பதிவேட்டில் எழுத வேண்டும். 2014 முதல் இதுதான் சட்டம். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

• காசநோய் என்று தெரிந்தால், இரண்டாம் மாதமே உடம்பு தேறினாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வாந்தி, மஞ்சள் காமாலை என்றால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். வீட்டில் உள்ள எல்லோரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

• சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. விவரம் கேட்க: 1800 11 6666.

காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சானடோரியத்தில் வைத்த காலம் ஒன்று இருந்தது. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-இல் உலகுக்கு நிரூபித்தது நம் சென்னையில் நடந்த ஆய்வுதான். மாத்திரைக்குக் கிருமி அடங்கும்வரைதான் அந்த வரம் நமக்கு. கடைவீதியில் அதைத் தொலைத்துவிடாதீர்கள். நாளைக் காலையே சளிப் பரிசோதனைக்குக் கிளம்புங்கள்!