வீட்டு விற்பனையில் ஆற்றல் திறன் தகவல்

வீட்டு விற்பனையில் ஆற்றல் திறன் தகவல் என்பது, ஒரு வீட்டில் வாழ எவ்வளவு மின்சாரம் அல்லது எரிபொருள் தேவைப்படும் என்பதை வாங்குபவர் விலை பேசும் முன்னரே அறியத் தருவதாகும். டென்மார்க்கில் 1997 முதலும், 2002 இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட பணிப்புரையைத் தொடர்ந்து ஏனைய உறுப்பு நாடுகளிலும், விற்பவர் இதற்கான சான்றிதழைக் காட்டவேண்டும் என்பது சட்டமாயிற்று. இந்தியாவில் அவ்வாறான பொதுக் கட்டாயம் இல்லை.

இந்தியாவில்

வீடு வாங்குபவர் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், வரி ரசீது ஆகியவற்றைச் சரிபார்க்கிறார். இவை அனைத்தும் உரிமையைப் பற்றியவை. வீட்டின் வெக்கையைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. குளிரூட்டிக்கு 2006 இல் நட்சத்திரக் குறியீடு வந்துவிட்டது. அதைப் பொருத்தவேண்டிய அறைக்கோ பெரும்பாலும் எக்குறியீடும் இல்லை.

நடுவண் அரசு 2018 இல் வெளியிட்ட 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, வெப்பப் பகுதிகளில் சுவர், சன்னல் வழியே உட்புகும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேற்படலாகாது என்கிறது. கூரைக்குத் தனி வரம்பு உண்டு. வீடுகளுக்கான நட்சத்திரக் குறியீட்டுத் திட்டம் விருப்பின்பாற்பட்டது. 2022 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் குடியிருப்புகளையும் உள்ளடக்கினாலும், அதன் பொது வரம்பு 100 கிலோவாட் இணைப்புச் சுமை ஆகும். தனி வீடுகள் இவ்வளவை எட்டுவதில்லை.

தூத்துக்குடியில்

1979 முதல் அனல் மின்னாக்கம் நடைபெற்ற இத்துறைமுக நகரம் ஏறத்தாழ 8.8 பாகை வடக்கில், வெப்பமும் ஈரப்பதமும் மிக்க கடற்கரையில் அமைந்துள்ளது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். எனவே வெயிலை மிகுதியாக வாங்குவது மொட்டைமாடித் தளம். அடுத்து கிழக்கு, மேற்குச் சுவர்கள். ஒரே கட்டடத்தில் ஒரே பரப்பளவுள்ள இரு வீடுகளில், மேல்தள வீட்டின் மின்செலவு கூடுதலாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். தளத்தின் மேல் வெண்ணிற ஓடு பதிக்கப்பட்டிருந்தால் இவ்வேறுபாடு குறையும்.

மின்பட்டியல்

சான்றிதழ் இல்லாத நிலையில், விற்பவரின் மின் இணைப்புக்குரிய இருமாதக் கணக்கே கிடைக்கக்கூடிய சான்றாகும். இதில் ரூபாயை நோக்குவது பயனற்றது. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இருமாதத்திற்கு 100 அலகுகள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. அதற்கு மேல் கட்டணம் படிப்படியாக உயர்கிறது. ஆகவே பயன்பாடு இரட்டித்தால் தொகை அதனினும் பன்மடங்கு கூடும். அலகுகளை நோக்குவதே தகும். குறிப்பாக ஏப்ரல், மே மாதக் கணக்கிலிருந்து திசம்பர், சனவரி மாதக் கணக்கைக் கழித்தால் வருவது, பெரும்பாலும் வெக்கையைத் தணிக்கச் செலவானது. வீட்டிலிருந்தோர் எத்தனை பேர், குளிரூட்டி இருந்ததா, வீடு சில காலம் பூட்டிக் கிடந்ததா என்பனவற்றையும் விற்பவரிடம் கேட்டறிதல் வேண்டும். பூட்டிய வீட்டின் பட்டியல் எப்போதும் சிறியதே.