லினக்ஸில் மென்பொருள் திறக்க மறுக்கிறதா? விடுபட்ட நிரலகத்தைக் கண்டறிவது எப்படி?

நேற்று வரை இயங்கிய மென்பொருள், இயங்குதளத்தைப் புதுப்பித்த பின் திறக்க மறுத்து, ஏதோ ஒரு கோப்பு இல்லை என்ற செய்தியுடன் நின்றுவிடுவது லினக்ஸ் பயனர்கள் பலர் எதிர்கொள்ளும் சிக்கலாகும். இதை அவசரமாகச் சரிசெய்ய முயல்வது கணினியின் பாதுகாப்பையே பாதிக்கக்கூடும்.

காரணம் என்ன?

பல மென்பொருள்களுக்கும் பொதுவான பணிகளைச் செய்யும் நிரல்கள், 'ஷேர்டு லைப்ரரி' எனப்படும் பகிர்வு நிரலகங்களாகத் தனியே சேமிக்கப்படுகின்றன. மென்பொருள் தொடங்கும்போது இயங்குதளம் இவற்றைத் தேடி இணைக்கிறது. அவற்றில் ஒன்று கிடைக்காவிட்டாலும் மென்பொருள் தொடங்காது.

2022 ஏப்ரலில் வெளியான உபுண்டு 22.04 இதற்கு உதாரணம். அதில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 இடம்பெற்றது, பழைய 1.1 பதிப்பு நீக்கப்பட்டது. இதனால், பழைய பதிப்பைச் சார்ந்திருந்த மென்பொருள்கள் இயங்கவில்லை.

கண்டறிவது எப்படி?

முதலில், பிழைச்செய்தியில் உள்ள கோப்பின் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர், 'எல்டிடி' கட்டளையை அந்த மென்பொருள் கோப்பின் முழுப் பாதையுடன் இயக்கினால், தேவையான நிரலகங்களின் பட்டியலும், கிடைக்காதவை எவை என்பதும் தெரியும். நம்பகமற்ற கோப்புகளில் இக்கட்டளை அக்கோப்பையே இயக்கிவிடக்கூடும் என்பதால், அவற்றுக்கு 'ஆப்ஜ்டம்ப்' கருவியே பாதுகாப்பானது.

தீர்வு என்ன?

நிரலகம் கணினியில் இல்லையெனில், இயங்குதளத்தின் அதிகாரப்பூர்வ தொகுப்பு மேலாளர் வழியாக நிறுவலாம். 32 பிட் மென்பொருளுக்கு 32 பிட் நிரலகமே தேவை. கோப்பு வேறு கோப்புறையில் இருந்தால், அதன் இடத்தை அமைப்புக் கோப்பில் சேர்த்து, 'எல்டிகான்ஃபிக்' கட்டளையை இயக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

புதிய பதிப்புக்குப் பழைய பெயரைச் சூட்டி ஏமாற்றுவது பெரும்பாலும் பலன் தராது. பெயர் பொருந்தினாலும் உள்ளிருக்கும் செயற்கூறுகள் பொருந்தாது. அறிமுகமில்லாத தளங்களிலிருந்து கோப்பைப் பதிவிறக்குவது தீநிரலுக்கு வழிவகுக்கலாம். மேலும், ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 பதிப்புக்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-இல் முடிவடைந்துவிட்டது. இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் நிரலகம் என்பதால், அதன் பழைய பதிப்பை மீண்டும் நிறுவுவது ஆபத்தானது.

எனவே, மென்பொருளின் புதிய பதிப்பைப் பெறுவதே நிலையான தீர்வு. அது இல்லாதபோது, தேவையான நிரலகங்களுடன் வரும் ஃபிளாட்பேக் அல்லது ஸ்னாப் வடிவம் உள்ளதா எனப் பார்க்கலாம்.