'தர்மம்' என்னும் சொல்லும் மொழிபெயர்ப்பும்

வடமொழித் 'தர்மம்' என்பதைத் தமிழில் பெயர்ப்போர் பெரும்பாலும் 'அறம்' என்றே எழுதிவிடுகின்றனர். நீதிநூல்களைப் பொறுத்தவரை இது தகும். அறம், பொருள், இன்பம் என்னும் வைப்புமுறை தர்மம், அர்த்தம், காமம் என்பதோடு ஒத்துச் செல்வது. பிற துறை நூல்களில்தான் இடர்ப்பாடு எழுகிறது.

இச்சொல் 'தாங்குதல்' எனப் பொருள்படும் 'த்ரு' என்னும் வினையடியிற் பிறந்தது. மீமாம்சையார்க்கு அது வேதவிதியால் மட்டுமே அறியப்படும் நன்மை. தருக்க நூலார்க்கோ, ஒரு பொருளைச் சார்ந்து நிற்கும் தன்மை. அத்தன்மையை உடைய பொருள் 'தர்மி'. மலையிற் புகை கண்டு தீயை உய்த்துணரும் பழகிய எடுத்துக்காட்டில் தீ தர்மம், மலை தர்மி. இங்கு 'அறம்' என எழுதின் வாதமே குலையும். நம் இலக்கணத்தார் ஆண்ட பண்பு, பண்பி என்னும் இணையே பொருந்தும். ஆனால் அத்தருக்க நூல்களே ஆன்மாவின் குணங்களுள் ஒன்றாகவும் தர்மத்தை எண்ணுகின்றன. அவ்விடத்தில் 'நல்வினை' எனல் வேண்டும். ஒரு நூலுக்கு ஒரு சொல் என வரையறுத்துக்கொள்வதும் இயலாது என்பது இதனாற் புலனாகும்.

இச்சிக்கல் புதிதன்று. காந்தகாரில் 1958இல் கண்டெடுக்கப்பட்ட அசோகரின் இருமொழிக் கல்வெட்டில், கிரேக்கப் பகுதி தம்மத்தை 'யூசெபியா', அதாவது தெய்வத்திடத்தும் பெரியோரிடத்தும் கொள்ளும் பணிவு என்கிறது. அரமேயப் பகுதி 'வாய்மை' என்கிறது.

மூலச்சொல்லை அவ்வாறே வைத்துவிடலாமே எனின், அதுவும் காப்பாகாது. தமிழ் வழக்கில் 'தருமம்' என்றதும் இரப்போர்க்கு இடும் காசே நினைவுக்கு வருகிறது.