மேடு முதலில், ஆறு பிறகு!



சைக்கிள் நம் தோட்டத்துக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. விடியுமுன் பால் வெட்டப் போனதும், சம்பள நாளில் சாமான் வாங்கி வந்ததும், பிள்ளையை முன்கம்பியில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அந்த இரண்டு சக்கரத்தில்தானே! வேலைக்காக மிதித்த கால்கள் ஒருநாள் மனமகிழ்ச்சிக்காகவும் மிதிக்கட்டுமே. வளர்ந்த பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வர ஏற்ற பாதை ஒன்றைச் சொல்கிறேன்.

சிலாங்கூர் மாநிலத்தில் காஜாங்கில் புறப்படுங்கள். செமினி, செமினி அணைக்கட்டு, சுங்கை தெக்காலா, பதினெட்டாம் கட்டை, உலு லங்காட், செராஸ் ஒன்பதாம் கட்டை வழியாகச் சுற்றி மறுபடியும் காஜாங்கிற்கே வந்துவிடலாம். ஏறக்குறைய 60 கிலோமீட்டர். முன்பாதி செமினி ஆற்றுப் பக்கம். பின்பாதி லங்காட் ஆற்றுப் பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் நடுவே பச்சைப்பசேலென்ற காட்டு மேடு.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

இதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் முறை என் மகனோடு போனபோது நான் இதை யோசிக்கவில்லை. நேரங்கழித்துக் கிளம்பி, ஒன்பதாம் கட்டைப் பக்கமாகப் போனோம். மேட்டைத் தொடும்போது பிற்பகல் ஆகிவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. இறக்கத்தில் அவனுடைய பிரேக் பிடிக்கவில்லை. நல்ல வேளை, சாலையோரப் புல்லில் சாய்ந்தான். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. எதிரே லாரி வந்திருந்தால்? நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ஆகவே செமினிப் பக்கமாகவே போங்கள். காலில் தெம்பும் காற்றில் குளிர்ச்சியும் இருக்கும்போதே மேடு முடிந்துவிடும். பதினெட்டாம் கட்டையிலிருந்து ஆறு ஓடும் போக்கிலேயே சாலையும் தாழ்ந்து போகும். இன்னொரு நன்மை: நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இப்படிச் சுற்றினால் செமினி, பதினெட்டாம் கட்டை, ஒன்பதாம் கட்டை ஆகிய மூன்று இடங்களிலும் இடப்பக்கமே திரும்ப வேண்டும். எதிரே வரும் வாகனங்களை வெட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

நேரக் கணக்கு

மணிக்கு 15 கிலோமீட்டர் போனாலும் 60 கிலோமீட்டருக்கு 4 மணி நேரம். இளைப்பாற ஒரு மணி நேரம். வெளிச்சம் வந்ததும் 7:15க்குக் கிளம்பினால் 12:15க்கு வீடு திரும்பலாம். பிற்பகல் இடிமழைக்கு முன்பே வேலை முடிந்தது! ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டி இந்த மழை அடிக்கடி வரும். அப்போது கூடுதல் கவனம் தேவை.

செமினியில் பசியாறிவிட்டுத் தண்ணீரையும் நிரப்பிக்கொள்ளுங்கள். அணைக்கட்டுப் பகுதிக்கு வந்ததும் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். களைத்திருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். அதற்கு அப்பால் காட்டுச் சாலை. குறுக்கு வழி கிடையாது. திரும்பி வருவது தோல்வியல்ல. அடுத்த ஞாயிறும் சாலை அங்கேதான் இருக்கும்.

இறக்கத்தில் எச்சரிக்கை

ஏற்றம் காலை வலிக்கச் செய்யும். ஆபத்து இறக்கத்தில்தான் இருக்கிறது. முந்தின நாளே பிரேக் கட்டைகளையும் டயரையும் பாருங்கள். வளைவுக்குள் நுழையுமுன் இரண்டு பிரேக்கையும் மெல்லப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவின் நடுவில் அழுத்திப் பிடித்தால் சறுக்கும். ஒருவர் பின் ஒருவராக, இடவோரமாகவே வாருங்கள். தலைக்கவசம் கட்டாயம்.

சுங்கை தெக்காலாவில் நீர்வீழ்ச்சி இருக்கிறது, அங்கே இளைப்பாறலாம். பிறகு பதினெட்டாம் கட்டை. கோலாலம்பூரிலிருந்து எண்ணிய பழைய மைல் கணக்கு அது. அங்கிருந்து ஒன்பதாம் கட்டைக்கு எத்தனை மைல் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஒன்பது மைல், 14 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வெந்நீர் ஊற்று உள்ள டூசுன் துவா வழியிலேயே வரும். ஒன்பதாம் கட்டை தாண்டியதும் வாகன நெரிசல் மிகுதி; களைத்த நேரம், அவசரம் வேண்டாம்.

காஜாங் சேர்ந்ததும் சாத்தே வாங்கிக் கொடுக்க மறக்காதீர்கள். மேட்டை மிதித்து ஏறிய பிள்ளைக்கு அது பரிசு அல்லவா!