இட்டுக்கட்டும் இரவுக்கதை

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இரவில் கதை சொல்லும் முதியவர், தொடங்குமுன் ஒரு நிபந்தனை விதிப்பதுண்டு: கேட்பவர் ‘உம்’ கொட்ட வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் இருட்டிலிருந்து எழும் அச்சிறு ஒலியே கதைசொல்லிக்கு வழிகாட்டி. அது விரைந்து வந்தால் குழந்தை ஆர்வத்துடன் கேட்கிறது, தாமதித்து வந்தால் கண் சொருகத் தொடங்கிவிட்டது, ‘அப்புறம்?’ என மாறினால் கதையை நீட்டியாக வேண்டும். ஒலி நின்றால் கதையும் நின்றுவிடும். கேட்பவரின் மூச்சுக்கேற்பத் தன் நீளத்தை மாற்றிக்கொள்ளும் இவ்வசதி அச்சிட்ட நூலுக்கு இல்லை.

இவ்வாறு சொல்லப்படும் கதைகளுள் சில தலைமுறை தலைமுறையாக வருபவை. சில அன்றிரவே புனையப்படுபவை. முன்னவற்றைக் கி. ராஜநாராயணன் போன்றோர் ஊர் ஊராகத் தேடித் தொகுத்தளித்தனர். பின்னவற்றுள் பெரும்பாலானவை விடிவதற்குள் மறைந்துவிடுகின்றன. அன்றாட வழக்கில் ‘இட்டுக்கட்டுதல்’ என்பது இல்லாததை உண்டெனக் கூறும் பொய்யைக் குறிக்கும். நாட்டுப்புறப் பாடகரிடத்திலோ நின்ற இடத்தில் புதிதாகப் புனையும் திறனைக் குறிக்கும். குழந்தையின் பாயருகே அமரும் தாய் தந்தையர்க்கு வேண்டுவது இரண்டாம் பொருள். முதற்பொருள் சிறிது கலந்தாலும் குற்றமில்லை.

கதை கட்டும் முறை

புதிதாகக் கதை புனைவது எழுத்தாளர்க்கே உரிய ஆற்றல் என்று எண்ணிப் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். மரபுக்கதைகளின் கட்டமைப்பைக் கூர்ந்து நோக்கினால் அத்தயக்கம் நீங்கும். வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈ தன் பெயரை மறந்த கதையைத் தமிழ்க் குழந்தைகள் பலரும் அறிவர். ஈ கன்றிடம் தன் பெயரைக் கேட்கிறது, கன்றுக்குத் தெரியவில்லை. கன்றின் தாயைக் கேட்கிறது, அதற்கும் தெரியவில்லை. மாட்டை மேய்ப்பவன், அவன் கைக்கோல், மரம், கொக்கு, குளம், மீன் எனக் கேள்வி நீண்டு, இறுதியில் குதிரையின் கனைப்பில் ‘ஈ’ என்னும் ஒலி கேட்க, மறந்த பெயர் நினைவுக்கு வருகிறது. இக்கதையில் சூழ்ச்சி இல்லை, பகைவன் இல்லை. ஒன்றைத் தொட்டு மற்றொன்று வரும் சங்கிலியே கதையை இழுத்துச் செல்கிறது. கொக்குக்குப் பின் குளத்திற்கு மாறாகத் தேநீர்க் கடையையோ பேருந்து நிலையத்தையோ வைத்தாலும் சங்கிலி அறுவதில்லை. அடுத்து வருவது எதுவென்பதைக் குழந்தையே முன்கூட்டிச் சொல்லிவிடும். சொல்லி முடிந்தவற்றையெல்லாம் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து அடுக்கும்போது எழும் ஒரே சீரான ஓசை உறக்கத்தையும் அழைத்துவரும்.

மாமியார் வீட்டில் உண்ட கொழுக்கட்டையின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தவன், வாய்க்காலைத் தாண்டும்போது ‘அத்திரிபாச்சா’ எனக் கூவி, பின் வீடு வரை அதையே சொல்லிக்கொண்டு போன கதை வேறொரு வழியைக் காட்டுகிறது. ஒரே ஒரு சொல் இடம் மாறுகிறது. அதனால் ஒரு வீடே கலங்குகிறது. அரசர், அரக்கர், ஏழு கடல் எவையும் இங்குத் தேவைப்படவில்லை. குழந்தையின் தொலைந்த செருப்பும் கூரையில் ஊரும் பல்லியும் இத்தகைய கதைக்குப் போதுமானவை.

ஆயினும் சில எச்சரிக்கைகள் உண்டு. கதையில் பூதம் வருமாயின் விளக்கை அணைக்குமுன் அதற்கொரு முடிவு சொல்லிவிட வேண்டும். இல்லையேல் அது கட்டிலின் அடியில் குடியேறிவிடும். நீதியை வெளிப்படையாகப் புகட்டுவதும் பெரும்பாலும் பயன் தருவதில்லை. கீரை உண்ணாத சிறுவன் ஒருவனைப் பற்றிய கதை தொடங்கியதுமே, அச்சிறுவன் யாரென்பது கீரை உண்ணாத குழந்தைக்குத் தெரிந்துவிடும்.

கேட்பவரின் பங்கு

வீட்டில் பிறந்த கதைகள் சில பிற நாடுகளில் நூல்களாக வெளிவந்து புகழ் பெற்றமையால், அவை உருவான விதமும் பதிவாகியுள்ளது. சுவீடன் நாட்டு எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் 1941ஆம் ஆண்டில் நோயுற்றுப் படுத்திருந்த தம் மகள் காரினுக்குக் கதைகள் சொல்லிவந்தார். ஒரு நாள், ‘பிப்பி நீள்காலுறை’ என்று பொருள்படும் விந்தையான பெயர் ஒன்றைக் காரின் அந்நொடியில் உருவாக்கி, அப்பெயருடையவளின் கதையைச் சொல்லுமாறு கேட்டாள். விந்தைப் பெயருக்கு விந்தைப் பெண்ணே வேண்டும் என்பதால், குதிரையையே தூக்கும் வலிமை படைத்த சிறுமி பிறந்தாள். 1944இல் பனியில் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கிப் படுக்கையில் இருந்தபோதுதான் தாய் அக்கதைகளை எழுத்தில் வடித்தார்; மகளின் பத்தாம் பிறந்தநாளுக்கு அவற்றைப் பரிசாக அளித்தார். பதிப்பகம் ஒன்று ஏற்க மறுத்த அந்நூல் 1945இல் வேறொரு பதிப்பகத்தின் வழி வெளிவந்தது.

பெயர் தருவதோடு குழந்தையின் பங்கு முடிவதில்லை. ஆங்கில எழுத்தாளர் டோல்கீன், பின்னர் 1937இல் நூலாக வெளிவந்த ‘தி ஹாபிட்’ கதையைத் தம் மக்களுக்குச் சொல்லிவந்தார். நான்கைந்து வயதே ஆன மகன் கிறிஸ்டோபர் ஒருமுறை இடைமறித்தான். கதைநாயகனின் வீட்டுக்கதவு சென்ற முறை நீல நிறம், இம்முறை பச்சை என்றான். குள்ளர் தலைவனின் முக்காட்டுக் குஞ்சம் பொன்னிறத்திலிருந்து வெள்ளி நிறமாகிவிட்டதையும் சுட்டினான். தந்தை எழுந்து சென்று அவற்றைக் குறித்துக்கொண்டார். குழந்தைக்கு அக்கதவு உண்மையான கதவு. அதன் நிறம் ஓரிரவில் மாறலாகாது. தந்தையின் மறைவுக்குப் பின் அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளை ஒழுங்குசெய்து பதிப்பித்தவரும் இந்தக் கிறிஸ்டோபரே.

சொல் மாறாத கதைகள்

1865இல் மும்பையில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங்கின் மூத்த மகள் ஜோசபின் இன்னும் கண்டிப்பானவள். திமிங்கிலத்திற்குத் தொண்டை ஒடுங்கியது எவ்வாறு, ஒட்டகத்திற்குத் திமில் வந்தது எவ்வாறு எனத் தந்தை இரவில் புனைந்த கதைகளில் ஒரு சொல்லும் மாறக் கூடாது. மாறினால் உறக்கம் கலைந்தெழுந்து விடுபட்டதைச் சேர்த்துவிடுவாள். ‘அவ்வாறே, அச்சொற்களிலேயே’ சொல்ல வேண்டும் என்ற அவளது பிடிவாதமே நூலின் தலைப்புமாயிற்று.

1899ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் தந்தையும் மகளும் நுரையீரல் அழற்சியால் பாதிக்கப்பட்டனர். தந்தை பிழைத்தார். ஆறு வயதே நிரம்பிய ஜோசபின் இறந்தாள். அவர் தாங்கமாட்டார் என்று அஞ்சி அச்செய்தியைச் சில நாள் மறைத்தே வைத்திருந்தனர்.

கதைகள் அனைத்தும் ஒரே நூலாக, கிப்ளிங்கே வரைந்த ஓவியங்களுடன் 1902இல் வெளிவந்தன. அவற்றுள் இரண்டு, தெகுமாய் என்னும் கற்காலத் தந்தையையும் தாஃபி என்னும் அவன் சிறு மகளையும் பற்றியவை. தாஃபியின் சாயலில் ஜோசபினையே கண்டவர் பலர். எழுத்து என்பதே இல்லாத காலத்தில் இருவரும் சேர்ந்து எழுத்துகளை உருவாக்குகின்றனர். ஏதேனும் ஓர் ஒலி எழுப்புமாறு மகள் கேட்கிறாள். தந்தை வாயைத் திறந்து ‘ஆ’ என்கிறான். வாய் பிளந்த கெண்டைமீனைப் போலவே இருப்பதாகக் கூறி, மகள் அதை வரையத் தொடங்குகிறாள்.