ரவாங் வீட்டில் ஒரு குட்டிக் கடல்

ரவாங்கில் கடல் இல்லை. கோலசிலாங்கூர் வரை வண்டியோட்டிப் போனாலும் நமக்குக் கிடைப்பது கண்டல் காடும் சேற்றுக் கரையும்தான். பவளப்பாறை பார்க்க ஆசைப்பட்டால் தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் என்று கிழக்குக் கரைத் தீவுகளுக்குத்தான் போக வேண்டும். அப்படியிருக்க, வரிசை வீட்டு ஹாலில் ஆறடி நீளத்துக்குப் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன் என்று சொன்னால் யாரும் சும்மா விடுவதில்லை. "எவ்வளவு செலவு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். "டோரி இருக்கா அங்கிள்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது: "கரண்டு போனால் என்ன செய்வீர்கள்?" என் அனுபவத்தில் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

முதலில் தரை, பிறகு தண்ணீர்

கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் எட்டு மாதம் தாளிலேயே திட்டம் போட்டோம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். முழுதாக நிரப்பினால் ஏறக்குறைய 680 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். கண்ணாடி, பாறை, இரும்புத் தாங்கி, அடியில் இருக்கும் வடிகட்டித் தொட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். இத்தனை எடையும் நிற்கும் இடம் ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். வீட்டு மாடித் தளங்களைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில் வடிவமைப்பது வழக்கம். அதனால் எங்கள் தொட்டி தரைத்தளத்தில், மண்ணின் மேல் போட்ட சிமெண்டுத் தளத்தில் நிற்கிறது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் இந்த அளவில் ஆசைப்படவே கூடாது.

அடுத்தது தண்ணீர். குழாய் நீரை அப்படியே ஊற்ற முடியாது. ஆர்.ஓ. கருவியில் சுத்தம் செய்து, கடலுப்புக் கலவையைக் கரைத்து, லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்ற கடலின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் நிரப்பலுக்கே ஏறக்குறைய 25 கிலோ உப்பு கரைந்தது. தினமும் சில லிட்டர் ஆவியாகும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவை நல்ல தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும். உப்புநீரை ஊற்றிக்கொண்டே போனால் நாளாக நாளாகத் தொட்டி உப்பளமாகிவிடும்.

தண்ணீர் நிரப்பியும் ஆறு வாரம் மீன் விடவில்லை. கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கு நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையில் குடியேற அவ்வளவு நாள் ஆகும். இடையில் பழுப்புப் பாசி படிந்தது, பிறகு பச்சைப் பாசி வந்தது. வீட்டுக்கு வந்த உறவினர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

வெயிலும் வாடகையும்

பவளம் கல் அல்ல, செடியும் அல்ல. அது உயிரினம். அதன் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பாசி வெளிச்சத்தில் உணவு சமைக்கிறது. அதில் பெரும்பங்கை வீட்டுக்காரரான பவளத்துக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் இந்தக் குடித்தனக்காரரை வெளியேற்றிவிடும். நிறமும் போகும், சாப்பாடும் போகும். இதைத்தான் பவளம் வெளுத்துப்போவது என்கிறார்கள். சூடு தணியாமல் நீடித்தால் பவளம் பட்டினியால் சாகும். 2010-இல் இப்படி வெளுத்ததால்தான் தியோமான், ரெடாங் பகுதிகளில் சில முக்குளிப்பு இடங்களைச் சில மாதங்கள் மூடினார்கள். 2024 ஏப்ரலில், உலக அளவில் நான்காவது முறையாகப் பவளங்கள் வெளுத்துவருவதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

கடலில் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே இந்தக் கதி. ரவாங் வீட்டு ஹாலில் மதிய வெப்பம் 31, 32 டிகிரி சர்வசாதாரணம். தொட்டிக்குத் தேவை 25 முதல் 27 வரை. ஆகவே சில்லர் இல்லாமல் முடியாது. அதுவும் நீரிலிருந்து எடுத்த சூட்டை வெளியே கக்கும் இயந்திரம். ஹாலில் வைத்தால் ஹால் அடுப்பாகிவிடும். "என்னங்க, அதை அடுக்களைக்குப் பின்னால வைங்க" என்று இடம் குறித்தவர் என் மனைவி.

தம்புசாமி பிள்ளையின் ஊரில்

மின்சாரக் கணக்கு இது. இரவு பகலாக ஓடும் பம்புகளுக்கும் ஸ்கிம்மருக்கும் 130 வாட். எட்டு மணி நேரம் எரியும் விளக்குகளுக்கு 300 வாட். ஒரு நாளில் மொத்தம் பத்து மணி நேரம் போல் ஓடும் சில்லருக்கு 600 வாட். கூட்டினால் மாதம் ஏறக்குறைய 345 யூனிட். இன்னொரு சிறு குடும்பத்தின் பில்லையும் நாமே கட்டுவது போல.

இந்த நாட்டின் மின்சார வரலாறே எங்கள் ரவாங்கில்தான் தொடங்குகிறது. 1894-இல் கே. தம்புசாமி பிள்ளையும் லோக் இயூவும் இங்கிருந்த தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு ஜெனரேட்டர் நிறுவி, மலாயாவிலேயே முதன்முதலாக மின்பம்புகளை ஓட்டினார்கள். பத்துமலைக் கோயிலுக்கு வித்திட்ட அதே தம்புசாமி பிள்ளைதான். அவருடைய பம்பு நின்றால் சுரங்கத்தில் நீர் ஏறும். என் பம்பு நின்றால் நீரில் உயிர்வாயு இறங்கும்.

போன வருடம் ஒரு மாலை, இடியும் மழையுமாக மின்சாரம் போனது. தொட்டியின் இரைச்சல் நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிய இரைச்சல் என்று தெரிந்தது. பேட்டரியில் ஓடும் இரண்டு காற்றுப் பம்புகள் தயாராக இருந்தன. அவற்றைப் போட்டுவிட்டு, ஜக்கில் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். மகள் டார்ச் பிடித்தாள். நானும் மனைவியும் கால் மணிக்கு ஒருவராக மாறி மாறி ஊற்றினோம். நாலு மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தது. ஓர் உயிரும் போகவில்லை. எட்டு மாதத் திட்டத்தின் பலன் அன்று கிடைத்தது.

மலையும் பவளமும் ஒரே சுண்ணாம்பு

நாம் தைப்பூசத்துக்கு ஏறும் பத்துமலைச் சுண்ணாம்புக்கல், ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. பவளமும் நீரிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சித்தான் தன் கூட்டைக் கட்டுகிறது. தொட்டியில் அந்தச் சுண்ணாம்பு குறைந்துகொண்டே வரும். கால்சியம் 420, மெக்னீசியம் 1300 பிபிஎம், காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் என்று வாரந்தோறும் சோதித்து, குறைந்ததைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறேன். எண் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பவளம் பொறுத்துக்கொள்ளும். திடீர் மாற்றத்தைத்தான் பொறுக்காது.

சுண்ணாம்புக்காகவே பவளத்தை அழித்த கதையும் நம் இனத்துக்குத் தெரியும். தூத்துக்குடிப் பக்கம் கடலிலிருந்து பவளத்தை வெட்டியெடுத்துச் சூளையில் சுட்டார்கள், வீடு கட்டவும் பயன்படுத்தினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001-இல் இந்தியச் சட்டம் பவளத்தைப் புலியோடு சேர்த்து உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் வைத்தது. இங்கும் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி, அனுமதியில்லாமல் கடல் பூங்காவிலிருந்து ஒரு பவளத் துண்டைக்கூட எடுக்கக் கூடாது. ரெடாங் போய்விட்டு நினைவுக்கு ஒன்று என்று பையில் போடுபவர்கள் கவனிக்க.

என் தொட்டியில் இருப்பவை தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய சிறு துண்டுகள். கட்டைவிரல் அளவில் வாங்கியது, இரண்டு வருடத்தில் உள்ளங்கை அளவு. கல் போன்ற கூடு கட்டும் பவளங்கள் எல்லாமே சைட்டிஸ் எனும் அனைத்துலக ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். மீனையும் அப்படித்தான். சில நாடுகளில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிப்பதுண்டு. பண்ணையில் பிறந்த மீனைக் கேளுங்கள். வாங்கும் முன் அது இரை எடுப்பதைக் கண்ணால் பாருங்கள்.

இரண்டு பதில்கள்

செலவு: தொட்டி, தாங்கி, சில்லர், விளக்கு, பம்புகள் எல்லாம் சேர்த்து 20,000 ரிங்கிட் அளவில் வந்தது. மீன்களுக்கு அதில் நூற்றில் மூன்று பங்குகூட ஆகவில்லை. மீன் வாங்கப் பணம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் மறுபடி கணக்குப் போடுவது நல்லது.

டோரி: இல்லை. அந்த நீல மீன் ஓரடி வரை வளரும், நீண்ட தூரம் நீந்தும். எங்கள் ஆறடி அதற்கு ஒரு நடைபாதை. மகள் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு பண்ணையில் பிறந்த இரண்டு கோமாளி மீன்களை அவளே தேர்ந்தெடுத்தாள். இரண்டில் பெரியது பெண். அது இறந்துபோனால் ஆண் மீனே பெண்ணாக மாறிவிடும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுக்கிறாள்.

தொட்டி வைக்க நினைக்கும் இளம் தம்பதிகளுக்கு ஒன்று சொல்வேன். கடைக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பது? வேலை மாறி வீடு மாறினால் ஒரு டன்னை யார் தூக்குவது? நல்ல பராமரிப்பில் கோமாளி மீன் 20 ஆண்டுகளைத் தாண்டியும் வாழும். என் மகளுக்கு இப்போது 11 வயது. அவள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகிப் போன பிறகும் இவை இரண்டும் காலையில் இரைக்குக் காத்திருக்கலாம். அதற்கும் சேர்த்துச் சம்மதமென்றால், முதலில் தரையை அளந்து பாருங்கள்.